நாஞ்சில் நாட்டில் வீட்டுக் கணக்கு

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போட்டது திரும்பி வரப்போவதில்லை. பிறகு ஏன் அளக்க வேண்டும்? எவ்வளவு போயிற்று என்பதாவது தெரிய வேண்டும் அல்லவா? செலவைக் குறை என்று இப்பழமொழி கூறவில்லை. செலவை அறிந்துகொள் என்றே கூறுகிறது. சிக்கனத்தின் முதற்பாடம் இதுவே.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தேவையான இடத்திலும் கையை மூடிக்கொள்வது கஞ்சத்தனம். தேவையற்ற இடத்தில் கையை மூடி, தேவையான இடத்தில் தாராளமாகத் திறப்பது சிக்கனம். எது தேவை, எது தேவையற்றது என்பதைக் கணக்கு ஒன்றே காட்டும். அக்கணக்கும் வீட்டில் ஒருவர் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. வீட்டார் அனைவரும் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். இக்கருத்தை நாஞ்சில் நாட்டு வாழ்வைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

பத்தாயமும் விதைநெல்லும்

தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்ததே பழைய நாஞ்சில் நாடு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், அதற்கும் முற்பட்ட கால்வாய்களும் குளங்களும் இந்நிலத்துக்கு நீர் தந்தன. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ விளைந்தது. கன்னி மாதத்தை ஒட்டி ஓர் அறுப்பு; கும்ப மாதத்தை ஒட்டி மற்றோர் அறுப்பு. வரவு ஆண்டுக்கு இருமுறை. வாயும் வயிறுமோ ஆண்டுக்கு 365 நாளும் உண்டு!

இந்த முரண்பாட்டை நம் உழவர்கள் எளிதாகத் தீர்த்தார்கள். களத்தில் அறுப்புக் கூலியை நெல்லாகவே அளந்தார்கள். வீட்டுக்கு வந்த நெல்லில் முதலில் விதைநெல்லை ஒதுக்கினார்கள். அடுத்த அறுப்பு வரையில் சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பத்தாயத்தில் நிரப்பினார்கள். எஞ்சியதையே விற்றார்கள்; விற்ற பணத்தில்தான் துணிமணியும் பிற செலவுகளும். இன்றைய பொருளியல் நூல்கள் வரவு செலவுத் திட்டம் என்று எதைக் கூறுகின்றனவோ, அது பத்தாயத்தின் பலகைகளுக்குள் அடங்கியிருந்தது. ஒதுக்கியது போக மீதியே செலவு என்பது அதன் அடிப்படை.

இன்று நம் வீடுகளில் பலவற்றில் பத்தாயம் இல்லை. வயல்கள் பல தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. மாதச் சம்பளமோ, வாரக் கூலியோ, வெளிநாட்டிலிருந்து வரும் பணமோதான் வரவு. வரவு மாறியதோடு முறையும் தலைகீழாகிவிட்டது. செலவு போக மீதியே சேமிப்பு என்கிறோம். மீதி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. விதைநெல்லைக் குத்தித் தின்றவன் அடுத்த பூவுக்கு யாரிடம் கையேந்துவான்?

அடுக்களையில் மட்டுமா சிக்கனம்?

சிக்கனம் என்றவுடன் நம் வீடுகளில் முதலில் கை வைப்பது அடுக்களையில். ‘மீன் இன்று வேண்டாம், பாலைக் குறை, எண்ணெயைக் குறை’ என்று தாய்மார்களுக்குத்தான் ஆணை பறக்கிறது. இது சரிதானா?

1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர், பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். ஒரு குடும்பம் எவ்வளவு ஏழையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு மிகும். வருமானம் உயர உயர அப்பங்கு குறையும் என்பதே அவ்விதி. நம் நாட்டிலும் இது மெய்யாகியுள்ளது. இந்திய அரசின் குடும்பச் செலவு ஆய்வுகளின்படி, 1999-2000-இல் கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு ஏறக்குறைய 59 விழுக்காடு. 2022-23-இல் அது ஏறக்குறைய 46 விழுக்காடாகக் குறைந்தது. நகர்ப்புறத்தில் 39 விழுக்காடே. அதாவது, குடும்பப் பணத்தில் பாதிக்கு மேல் இப்போது அடுக்களைக்கு வெளியே செல்கிறது. அங்கே பார்வையைச் செலுத்தாமல் தேயிலையையும் சர்க்கரையையும் எண்ணிக்கொண்டிருப்பது, மடை உடைந்திருக்க வாளியில் நீர் சிந்துவதைத் தடுப்பது போன்றது.

அடுக்களைச் சிக்கனத்தை நம் தாய்மார்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதுமில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் பசியை ஆற்றியது அந்த மரச்சீனிக் கிழங்குதான். கிழங்கும் சாளை மீனும், சக்கையும் சக்கைக்கொட்டையும், முருங்கைக்கீரையும் கொண்டு குடும்பத்தைக் காத்த மரபு நம்முடையது. நெருக்கடியில் அடுக்களை என்றுமே தன் கடமையைச் செய்திருக்கிறது. கணக்குக் கேட்கப்பட வேண்டிய இடம் வேறு.

காரணவரின் பெட்டி

அந்த இடம் எது என்பதை அறிய நம் ஊர் வரலாற்றையே பார்க்கலாம். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் முன்னாளில் மருமக்கள் வழி உரிமை வழங்கிவந்தது. குடும்பச் சொத்து மகனுக்கு அன்று, சகோதரியின் மகனுக்கே உரியது. குடும்பத்தின் மூத்த ஆண்மகனான காரணவரே நிலத்தையும் நெல்லையும் பணத்தையும் ஆண்டார். அனந்திரவர் எனப்பட்ட இளையோருக்குச் சோறு உண்டு. கணக்குக் கேட்கும் துணிவு இல்லை. காரணவரின் மனைவி மக்களுக்கோ அவர் கண் மூடினால் எதிர்காலம் கேள்விக்குறி. எனவே அவர் குடும்பச் சொத்தைத் தம் மக்களுக்குக் கடத்துகிறாரோ என்று மருமக்கள் ஐயுற்றனர். மருமக்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்வார்களோ என்று மனைவி மக்கள் அஞ்சினர். ஐயம் வழக்காயிற்று, வழக்கு கடனாயிற்று, கடனில் வயல் போயிற்று.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இக்கேட்டைக் கண்டு ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் அங்கத நூலை இயற்றினார். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைக் கூறுவதாக அமைந்த நூல் அது. படிப்போர் சிரிப்பர், சிரித்து முடித்ததும் சிந்திப்பர். சீர்திருத்தம் வேண்டி எழுந்த குரல்களின் பயனாக, 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. மக்களுக்கு உரிமை கிடைத்தது. கூட்டுச் சொத்தைப் பங்கிட வழி பிறந்தது. நாயர், ஈழவர் சமுதாயங்களுக்கான சட்டங்கள் அதற்கு முந்திய ஆண்டில் வந்திருந்தன.

சட்டம் சொத்தைப் பங்கிட்டது. ஆனால் பெட்டியைப் பூட்டிவைக்கும் பழக்கத்தைச் சட்டத்தால் மாற்ற முடியுமா? இன்று எல்லாச் சமுதாயத்திலும், சிறு குடும்பத்திலும் கூட, காரணவர் ஒருவர் இருக்கிறார். தந்தை வாங்கிய கடன் தாய்க்குத் தெரியாது. தாய் சேர்ந்த சீட்டு தந்தைக்குத் தெரியாது. இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் எவ்வளவு கடன் என்று அறியாமலே பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் நம்மில் எத்தனை பேர்!

ஒரு மாதக் கணக்கு

எடுத்துக்காட்டுக்காக நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாத வரவு 30,000 ரூபாய். செலவு வருமாறு: மளிகை, காய்கறி, மீன் 10,500, பால் 1,800, எரிவாயு, மின்சாரம் 1,700, போக்குவரத்து 2,500, படிப்பு 4,000, மருத்துவம் 1,000, கைபேசி, தொலைக்காட்சி 800, கலியாண வீடு, மொய் 1,500, சில்லறை 200, சீட்டு 2,000, வட்டி 4,000. ஆகக் கூடுதல் 30,000.

இக்குடும்பம் சிக்கனம் பிடிக்க எண்ணிப் பாலைப் பாதியாக்கினால் மிஞ்சுவது 900 ரூபாய். குழந்தையின் உடல்நலம் குறைந்தால் அதுவும் மருத்துவருக்கே போகும். ஆனால் அந்த 4,000 ரூபாய் வட்டியைப் பாருங்கள். மூத்த பெண்ணின் கலியாணத்துக்கு வாங்கிய 2,00,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு! மாதந்தோறும் வட்டியைத் தவறாமல் கட்டினாலும் அசல் அசையாமல் நிற்கும்.

சீட்டுக்கும் வட்டிக்குமாக இப்போது செல்வது மாதம் 6,000. இப்படியே 39 மாதம் சென்றால் சீட்டில் கட்டியது 78,000. கடனோ அதே 2,00,000. மாறாக, நடப்புச் சீட்டு முடிந்ததும் புதிதாகச் சேராமல், அந்த 6,000-த்தையும் கடனுக்கே கட்டினால், வட்டி விகிதம் மாறாவிட்டாலும் 56 மாதத்தில் கடன் தீரும். கையில் உள்ள நகையை வங்கியில் வைத்து ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக்குக் கடன் கிடைத்து, அதைக்கொண்டு பழைய கடனை அடைத்துவிட்டால், அதே 6,000 ரூபாயில் ஏறக்குறைய 39 மாதத்தில் விடுதலை! ஒரு குவளைப் பாலும் குறையவில்லை. அதிக வட்டிக் கடனைத் தீர்ப்பதைவிட இலாபமான சேமிப்பு சாதாரணக் குடும்பத்துக்கு வேறில்லை. தந்தையின் கடனும் தாயின் சீட்டும் ஒரே தாளில் எழுதப்பட்டால்தான் இவ்வழி கண்ணுக்குத் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சீட்டே கூடாது என்பது என் கருத்தன்று. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சீட்டு கட்டாயச் சேமிப்பாக உதவும். பதிவில்லாத சீட்டில் நடத்துபவர் மறைந்தால் பணமும் மறையும். அதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

பொன்னும் பெண்ணும்

நம் மாவட்டத்தில் பெருங்கடன்களின் தாய் கலியாணம் என்றால் மிகையாகாது. வரதட்சணையைச் சட்டம் 1961-இலேயே தடை செய்தது. எனினும் சீதனம் என்றும் சீர் என்றும் பெயர் மாறி அது உலவுகிறது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் நகை எடுக்கிறோம். அந்நகையை விற்கச் சென்றால் செய்கூலியும் சேதாரமும் திரும்ப வருவதில்லை. நகை அடகுக்குப் போனால் வட்டி இரண்டு பக்கமும் தின்கிறது.

தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத் திருத்தமும், 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு தந்தன. உரிமையான பங்கைக் கொடுப்பது வேறு. ஊர் மெச்சக் கடன்பட்டுக் கொடுப்பது வேறு. முன்னது பெண்ணுக்குப் பாதுகாப்பு. பின்னது இரு வீட்டுக்கும் சுமை. படித்த இளைஞர்களாகிய நாம் ‘பொன் வேண்டாம்’ என்று சொன்னால், எந்த அடுக்களைச் சிக்கனமும் தர முடியாத மிச்சத்தை ஒரே சொல்லால் தந்தவர்களாவோம்.

கணக்கேடு எழுதும் முறை

1904-இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் இல்லத்தரசிகளுக்கென ஒரு கணக்கேட்டை வெளியிட்டார். அத்தகைய ஏடுகள் அந்நாட்டில் இன்றும் வழக்கில் உள்ளன. நமக்கு அச்சிட்ட ஏடுகூட வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

முதலாவதாக, வீட்டின் எல்லாக் கடன்களையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. இரண்டாவதாக, வரவு வந்த அன்றே விதைநெல்லை ஒதுக்க வேண்டும்; கடன் உள்ளவர்க்குக் கடன் தவணையே விதைநெல். மூன்றாவதாக, ஓணம், தீபாவளி, பொங்கல், கல்விக் கட்டணம் போன்ற ஆண்டுச் செலவுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் தனியே வைக்க வேண்டும். தெரிந்து வரும் செலவுக்குத் திடீர்க்கடன் வாங்குவது அறியாமை. நான்காவதாக, வங்கிக் கணக்குகளும் சீட்டுகளும் பலவாக இருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை பெருகினால் மறதியும் பெருகும். ஐந்தாவதாக, மாதம் ஒரு நாள் வீட்டார் அனைவரும் கூடியிருக்கக் கணக்கை உரக்க வாசிக்க வேண்டும்.

ஐந்தாவது விதியே தலையாயது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவின. அக்குழுக்களின் முறை என்ன? யார் எவ்வளவு கட்டினார், யார் எவ்வளவு பெற்றார், யார் பாக்கி என்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிப்பதே. எழுத்தறியாத உறுப்பினரும் காதால் கேட்டுக் கணக்கை அறிகிறார். காரணவரின் பூட்டிய பெட்டிக்கு நேர்மாறானது இத்திறந்த ஏடு. குழுவில் கணக்கு வாசிக்கும் தாய் தன் வீட்டிலும் அதை வாசிக்க இடம் தருவோமாக.

முடிவுரை

வருவாய் பெருகும் வழி சிறிதானாலும், செலவு போகும் வழி விரியாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவர் கண்ட உண்மை. போகும் வழி விரிகிறதா என்பதை அறியக் கண் வேண்டும். அக்கண்ணே கணக்கு. வணிகவியல் வகுப்பில் முகந்தெரியாத வணிகருக்கு நாளேடும் பேரேடும் எழுதப் பழகுகிறோம். அதே பேனாவால் நம் வீட்டுக்கும் ஒரு பக்கம் எழுதுவோம். ‘அப்பா, நமக்கு எவ்வளவு கடன்?’ என்று பணிவோடு கேட்கும் பிள்ளையும், மறைக்காமல் விடை சொல்லும் தந்தையும் இருக்கும் வீட்டில் பாதிக்கடன் அன்றே தீர்ந்தது எனலாம். மீதிப் பாதியை மாதந்தோறும் அளந்து அளந்து தீர்த்துவிடலாம்.