கடைசி பெஞ்சுக்காரனை எந்த அணியில் போடுவது?

ஒன்றாம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே சில பிள்ளைகளின் பெயர் ஆசிரியர் அறை வரைக்கும் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான், பென்சிலைப் பிடுங்குகிறான், உட்காரச் சொன்னால் முறைக்கிறான். ‘போகப்போகச் சரியாகிவிடுவான்’ என்பார்கள் மூத்த ஆசிரியர்கள். பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் அது சரிதான். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஓர் ஆய்வு பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அதில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993-ல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். விடலைப் பருவத்தில் மட்டும் தடம் மாறிவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சின்ன வயதிலேயே தொடங்கி, வளர்ந்த பிறகும் அடிதடி, திருட்டு என்று போகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்காகத்தான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் காத்திருக்கக் கூடாது.

தனி அறை, தனி ஆலோசகர் எதுவும் இல்லாமல் ஒரு வகுப்பாசிரியரே செய்யக்கூடிய முறை ஒன்று இருக்கிறது. ‘குட் பிஹேவியர் கேம்’, அதாவது நன்னடத்தை விளையாட்டு, என்பது அதன் பெயர். வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதிகளைக் காக்கும் அணிகளுக்குப் பரிசு தருவதுதான் அது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மியூரியல் சாண்டர்ஸ் என்ற ஆசிரியையின் நான்காம் வகுப்பில் அது பிறந்தது. வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் 7 பேர் தலைமையாசிரியரிடம் பலமுறை அனுப்பப்பட்டவர்கள். ஹாரியட் பாரிஷ், மான்ட்ரோஸ் வுல்ஃப் இருவருடன் சேர்ந்து 1969-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, கணக்குப் பாட நேரத்தை நிமிடம் நிமிடமாகக் கவனித்தபோது 96 சதவீத நிமிடங்களில் யாராவது குறுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டின்போது அது 19 சதவீதமாக இறங்கியது. இடத்தைவிட்டு எழுந்து திரிவது 82-லிருந்து 9 சதவீதத்துக்கு வந்தது.

வகுப்பு அமைதியானது நல்லதுதான். ஆனால் இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது பால்டிமோர். 1985-86 கல்வியாண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷெப்பர்ட் கெல்லம் குழுவினர் அந்த நகரின் 19 தொடக்கப் பள்ளிகளில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். சில வகுப்புகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு முழுக்க விளையாட்டு நடந்தது. மற்றவற்றில் வழக்கமான பாடம். அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதானபோது மறுபடி தேடிப் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பில் மிகவும் முரடாக இருந்த பையன்களில், விளையாடிய வகுப்பிலிருந்து வந்தவர்களிடம் போதைப் பழக்கமும் சமூக விரோதப் போக்கும் தெளிவாகவே குறைந்திருந்தன. பெண் பிள்ளைகளிடமும், முதலிலிருந்தே சாந்தமாக இருந்த பையன்களிடமும் பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்குத் தேவையோ அவர்களைப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி, செய்யும் விதம்.

விளையாட்டைத் தொடங்குவதற்கு முந்தைய வாரம் தினமும் பத்து நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை முறை குறுக்கே பேசினார்கள், எத்தனை முறை எழுந்தார்கள், எத்தனை முறை கை நீண்டது என்று குறிப்பேட்டின் ஓரத்தில் கோடு போட்டால் போதும். இந்த எண்ணிக்கை இல்லாமல் தொடங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து ‘ஒன்றும் மாறவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் குறைந்திருக்கலாம்; ஆசிரியரின் காதுக்குத்தான் அது தெரிவதில்லை.

விதிகள் நான்குக்கு மேல் கூடாது. அமைதியாக வேலை செய்வோம், மரியாதையாகப் பேசுவோம், கேட்டுவிட்டு எழுவோம், சொன்னதைச் செய்வோம். ‘ஓடாதே, கத்தாதே’ என்று எழுதக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு விதியையும் ஒருநாள் நடித்துக் காட்டச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது அணி பிரிப்பது. அவசரப்படுகிறவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. சேட்டைக்காரர்களை எல்லாம் ஓர் அணியில் போட்டால் கண்காணிப்பது சுலபம் என்று தோன்றும். அது தப்பு, சாதாரணத் தப்பும் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில் 506 பையன்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழிகாட்டி, பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களை நடுவயதில் தேடிப்பிடித்து 1978-ல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது: உதவி பெற்றவர்கள் பல விஷயங்களில் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பின்னர் அலசியபோது, கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்டவர்களிடமே அந்தக் கேடு அதிகம் தெரிந்தது. அதே தரவுகளையும் தாமஸ் டிஷன் நடத்திய குழு ஆய்வுகளையும் சேர்த்து 1999-ல் வந்த கட்டுரை காரணத்தை விளக்கியது. முரட்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவன் செய்த வம்பைச் சொல்ல மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பே பரிசு.

மொன்ட்ரியலில் ரிச்சர்ட் டிரம்ப்ளே குழு இதற்கு நேர்மாறாகச் செய்தது. 1980-களின் நடுவில், ஏழை வட்டாரங்களைச் சேர்ந்த முரட்டுப் பையன்களைச் சாந்தமான வகுப்புத் தோழர்கள் நடுவே சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பழக்கினார்கள். கூடவே இரண்டு ஆண்டுகள் பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 24 வயதில் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட அந்தப் பையன்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

ஆகவே, வகுப்பில் மூன்று முரட்டுப் பிள்ளைகள் என்றால் மூன்று அணி, அணிக்கு ஒருவன். அடக்கமான பிள்ளைகள், கூச்சப்படுகிறவர்கள், பெண் பிள்ளைகள், பையன்கள் எல்லாரையும் சமமாகப் பங்கிட வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பு எடுப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு கற்றல் நிலையைப் பார்த்துச் செய்தது. அதையே இந்த அணியாக வைத்துக்கொள்ளக் கூடாது. படிப்பில் பின்தங்கியவனும் வகுப்பில் வம்பு செய்பவனும் பல நேரம் ஒரே பிள்ளையாக இருப்பான். நிலைவாரிப் பிரிவில் அவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். அணிப் பெயராகப் புலி, சிங்கம் வேண்டாம், மரங்களின் பெயர் வைக்கலாம். உறுமிக் காட்ட ஒரு சாக்கு குறையும்.

முதல் வாரம் பத்து நிமிடம், வாரத்துக்கு மூன்று முறை; பிறகு மெல்லக் கூட்டலாம். பிள்ளைகள் தாமாக எழுதும் அல்லது வரையும் நேரத்தில் மட்டும் விளையாட வேண்டும். புதுப் பாடம் நடத்தும்போது கூடாது. விதி மீறல் ஒன்றுக்கு அணியின் பெயருக்கு நேரே ஒரு கோடு. நேரம் முடியும்போது நான்கு கோடுகளோ அதற்குக் குறைவாகவோ வாங்கிய அணிகள் எல்லாமே வென்றவை. எல்லா அணியும் வெல்லலாம் என்பது இந்த விளையாட்டின் உயிர். ‘யார் முதலிடம்’ என்று போட்டியாக்கினால் தோற்ற அணி தன் முரட்டுப் பிள்ளையைத்தான் வெளியே பிடித்து உலுக்கும்.

எவ்வளவு சொன்னாலும் பலர் தடுமாறுவது அந்தக் கோட்டைப் போடும் நொடியில்தான். நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் உண்டு: ஆசிரியர் வெளியே போனால் வகுப்புத் தலைவன் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவான். அதிகம் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. இந்த விளையாட்டு அதற்கு முழுக்க எதிரானது. கோடு போடுவது ஆசிரியர் மட்டுமே. பெயர் எழுதக் கூடாது, பெயர் சொல்லவும் கூடாது, அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “வேப்பமரத்துக்கு ஒரு கோடு. கேட்காமல் எழுந்ததுக்காக. ஆலமரமும் புளியமரமும் அமைதியாக எழுதுகிறார்கள், நன்றி.” குரல் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, வருகைப்பதிவு வாசிக்கிற குரலாக இருந்தால் போதும். சொல்லி முடித்ததும் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளுக்கே போய்க் கவனித்து விளக்கினார். பெரியவர் அதட்ட, பிள்ளை கத்த, பெரியவர் இன்னும் அதட்ட, பிள்ளை இன்னும் கத்த, கடைசியில் பெரியவர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். கத்தினால் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. வீட்டில் அதைக் கற்ற பிள்ளை பள்ளிக்கும் அதையே கொண்டுவருகிறது. ஆசிரியர் அதட்டும்போது வீட்டில் நடக்கும் அதே சண்டை மறுபடி தொடங்குகிறது. ஆசிரியர் சண்டைக்கு வராவிட்டால் பிள்ளைக்கு அது புது அனுபவம்.

“சார், நான் எழவே இல்லை” என்று எதிர்ப்பு வரும். பதில் சொல்ல வேண்டாம். போட்ட கோட்டை அழிக்கவும் வேண்டாம். ஒருமுறை அழித்தால் அன்றிலிருந்து விளையாட்டே வாதாடுவதாகிவிடும்.

சில நாளில் ஒரு பிள்ளை வேண்டுமென்றே தன் அணிக்குக் கோடு வாங்கித் தரத் தொடங்குவான். பயப்பட ஒன்றுமில்லை, சாண்டர்ஸின் வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகள் ‘நாங்கள் விளையாட மாட்டோம்’ என்று அறிவித்தார்கள். அவர்களை அணியிலிருந்து பிரித்தபின் விளையாட்டு தொடர்ந்தது. ஆனால் பிரிப்பது கடைசி வழி. முதலில் பார்க்க வேண்டியது அவனுக்குக் கொடுத்த வேலையை. அவனால் படிக்க முடியாத பக்கத்தைக் கொடுத்துவிட்டு அமைதியாக இரு என்றால் எந்தப் பிள்ளை இருப்பான்? கெல்லம் குழுவும் படிப்பில் தடுமாற்றத்தையும் முரட்டுத்தனத்தையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. பால்டிமோர் சோதனையின் இன்னொரு பிரிவு முழுக்கப் படிக்கக் கற்பிப்பது பற்றியது. வேலையை எளிதாக்கிவிட்டு, அடுத்ததாக நேரத்தைக் குறைக்க வேண்டும்: பத்து நிமிடம் தாங்காதவன் நான்கு நிமிடம் தாங்குவான். இரண்டும் பலிக்காதபோது மட்டும் அவனை ஒரு சில ஆட்டங்களுக்குத் தனியொரு அணியாக வைக்கலாம், அதே விதி, அதே பரிசு. வென்ற அன்றே பழைய அணிக்குத் திரும்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்க வைப்பது, முட்டி போட வைப்பது எதற்கும் இங்கே இடமில்லை. உடலை வருத்துவதையும் மனதை வதைப்பதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதைவிட, அவன் வெளியே நிற்கும் நேரம் அவன் பழகாமல் போன நேரம்.

அணித் தோழர்கள் அவனைத் திட்டினால் அதற்கும் ஒரு கோடு உண்டு. மரியாதையாகப் பேசுவோம் என்பது விதி.

பரிசுக்கு மிட்டாய் வேண்டாம். இரண்டு நிமிடம் ஆடலாம், கதை கேட்கலாம், மதிய உணவுக்கு முதலில் வரிசையில் நிற்கலாம். தொடக்கத்தில் ஆட்டம் முடிந்த உடனே கொடுக்க வேண்டும், சில வாரங்களில் மாலைக்கும் வாரக் கடைசிக்கும் தள்ளலாம். ஆட்டத்தையும் அப்படித்தான்: முதலில் அறிவித்து ஆடியதைப் பிறகு அறிவிக்காமலேயே தொடங்கி, முடிந்தபின் முடிவைச் சொல்ல வேண்டும். பரிசு கண்முன்னே இல்லாதபோதும் விதி நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் 77 பள்ளிகளில் நடந்த சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் தெரியவில்லை. பள்ளிகள் பல பாதியில் நிறுத்தியிருந்தன. பால்டிமோரிலும் முதல் ஆண்டில் ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் துணையும் அடுத்த ஆண்டு குறைந்தபோது, அந்த ஆண்டு சேர்ந்த இரண்டாவது தொகுதிப் பிள்ளைகளிடம் பலனும் குறைந்தது. அதனால் ஒரு பள்ளியில் தனியாக ஒருவர் தொடங்குவதைவிட இருவராகத் தொடங்குவது நல்லது. வாரம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, குரல் ஏறியதா, பெயர் வாயில் வந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் பழைய இடத்திலிருந்து தொடரக் கூடாது. பத்து நிமிடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். ஆண்டு இறுதியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: ஜூனில் எண்ணிய கோடுகள், ஏப்ரலில் எண்ணிய கோடுகள், எந்த வேலை கொடுத்தபோது அந்தப் பிள்ளை முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தான் என்ற குறிப்பு. ‘இவன் கொஞ்சம் முரடு, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வரியை அதில் எழுதக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது.