ரயில் பாதையைக் கடக்கும் டிராக்டர்

தை பிறந்ததும் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். அறுவடை இயந்திரங்களும், நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர்களும், வைக்கோல் வண்டிகளும் இரவு பகலாக ரயில் பாதையைக் கடந்து போய்வரும். ஊர் ஒருபுறமும் வயல் மறுபுறமுமாக அமைந்த கிராமங்களில் இதைத் தவிர்க்க இயலாது. எவ்வாறு கடப்பது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. டிரெய்லர் பூட்டிய டிராக்டரின் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். தண்டவாளத்துக்கு 5 மீட்டர் முன்னால் நின்று புறப்படுகிறோம் எனக் கொள்வோம். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1.676 மீட்டர். டிரெய்லரின் பின்முனை அப்பால் 2 மீட்டராவது விலகினால்தான் கடந்ததாகும். ஆக மொத்தம் 18 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 13 வினாடி பிடிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலோ அதே 13 வினாடியில் 360 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக் போட்டாலும் அவ்வேகத்தில் ரயில் நிற்கச் சுமார் ஒரு கிலோமீட்டர் தேவை. மோட்டார் சைக்கிளுக்குப் போதுமான இடைவெளி டிராக்டருக்குப் போதாது என்பதை இக்கணக்கு காட்டும். இரட்டைப் பாதையானால் இன்னும் 5 மீட்டர் கூடும்; ஒரு ரயில் போன உடனே எதிர்த்திசையில் மற்றொன்று வரவும் கூடும்.

அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் யாவும் 2019 ஜனவரியுடன் நீக்கப்பட்டுவிட்டன. ஆயினும் கேட்டில் ஆள் உண்டு என்பதற்காக நம் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளலாகாது. 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் ஆள் உள்ள கேட்டிலேயே பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்தனர். காவல் இல்லாத கிராஸிங்கில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கி நடந்து இருபுறமும் பார்த்து வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். உதவியாளர் இல்லையேல் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு விதிக்கிறது. டிராக்டர் வைத்திருப்போர் இவ்வழக்கத்தை எல்லாக் கேட்டுகளிலும் கைக்கொள்வது நலம். டிராக்டரின் இரைச்சலில் ரயிலின் ஊதல் கேட்பதில்லை. ஆக்ஸிலேட்டரைக் குறைத்துச் செவி கொடுத்துக் கேளுங்கள். மூட்டை மீது அமர்ந்திருக்கும் ஆட்களை இறக்கி நடந்து வரச் சொல்லுங்கள்.

புறப்படுமுன் டிரெய்லர் பூட்டிய கொண்டிப்பின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கலப்பை, ரோட்டவேட்டர் முதலியவற்றை முழு உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீலுடன் தண்டவாளத்தின் மேல் ஏறவே கூடாது. குறைந்த கியரைப் போட்டுக்கொண்டு, நடுவில் கியர் மாற்றாமலும் கிளட்சை மிதிக்காமலும் ஒரே சீராகச் செல்க. எஞ்சின் அணைந்துபோவது பெரும்பாலும் கியர் மாற்றும் அந்த வேளையில்தான். அப்பால் வண்டி முழுவதும் நிற்க இடம் உண்டா என்று அறியாமல் உள்ளே நுழையலாகாது.

மின்சார ரயில் தடங்களில் தலைக்கு மேல் உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. கேட்டின் இருபுறமும் உள்ள உயரக் கட்டையின் அளவு 4.67 மீட்டர். வைக்கோல் சுமை அதில் உரசினால் சுமையைக் குறைப்பதே வழி. மேலே ஏறி நின்று கழியால் அழுத்தி நுழைப்பது உயிருக்கு உலை வைக்கும் செயல்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி நடுவில் நின்றுவிட்டால்? முதலில் எல்லோரும் இறங்கி விலக வேண்டும். வண்டியின் விலையை அப்போது எண்ணலாகாது. கேட் கீப்பரிடம் தொலைபேசியும், சிவப்புக் கொடியும், ரயிலை எச்சரிக்கும் வெடிகளும் உள்ளன. அவரிடம் உடனே சொல்லுங்கள். ரயில் நெருங்கிவிட்டதானால், பாதையை விட்டு விலகியவாறே அது வரும் திசை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். மோதலில் சிதறும் இரும்பு, ரயில் போகும் திசையில்தான் பறக்கும்.

மூடிய கேட்டைத் தாமே திறப்பவருக்கு ரயில்வேச் சட்டத்தின் 160-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரையும், உடைப்பவருக்கு 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு.

இனி பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குரிய விஷயம். கேட் நீக்கிய பல இடங்களில் சுரங்கப்பாதை அமைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றுள் சிலவற்றில் நீர் தேங்குகிறது. சிலவற்றில் அறுவடை இயந்திரம் நுழைவதில்லை. அப்போது சிலர் ஜல்லியில் பலகை போட்டுக் கேட்டே இல்லாத இடத்தில் இயந்திரத்தைத் தண்டவாளத்தின் மீது ஏற்றுகின்றனர். இதைவிட அபாயம் வேறில்லை. திருவாரூர்-காரைக்குடி தடம் பல்லாண்டுகள் மூடிக் கிடந்து 2019-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி-அகத்தியம்பள்ளி தடத்தில் 2023-இல் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் ஓடாத காலத்தில் பழகிய குறுக்கு வழிகளை அவ்வூரார் மறக்க வேண்டியிருக்கிறது. குறை சொல்வது எளிது. மாற்று வழி காட்டுவதே பஞ்சாயத்தின் கடமை. நவம்பர் 1 கிராம சபை அறுவடைக்கு முன் வருவதால் இதற்கு ஏற்றது. எந்தச் சுரங்கப்பாதையில் எத்தனை அடி நீர் நிற்கிறது, உயரம் எவ்வளவு, சுற்று வழி எத்தனை கிலோமீட்டர் என்பவற்றை அளந்து தீர்மானத்தில் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் ரயில்வேக் கோட்ட மேலாளருக்கும் அனுப்புங்கள். புதிய வழி கேட்பதானால் அதன் செலவைக் கேட்போரே ஏற்க வேண்டும் என்று ரயில்வேச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கூறுகிறது. நிதி எங்கிருந்து என்பதையும் முன்கூட்டியே எங்கள் வட்டார அலுவலகத்தில் கலந்து பேசுவது நல்லது.