வளைந்த மூக்குக்கண்ணாடியை வீட்டில் சரிசெய்வது எப்படி?

கட்டிலில் கழற்றி வைத்த அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு மேல் பேரப்பிள்ளை ஏறி இருந்துவிடுவது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியம்தான். வில்லை உடையவில்லை, சட்டம் மட்டும் வளைந்துவிட்டது என்றால் அப்படியே போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்துகிறோம். இது நல்லதல்ல. கண்மணிக்கு நேரே இருக்கவேண்டிய வில்லை விலகினால் பார்வை மங்கலாம், தலையிடி வரலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடி என்றால், வயதானவர்கள் படி இறங்கும்போது கால் தவறவும் கூடும்.

சிறிய வளைவை நாங்களே திருத்தலாம்.

1. முதலில் கீலில் உள்ள சிறு ஸ்குறூவைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தாலும் கண்ணாடி சரியும். சிறிய திருப்புளியால் இறுக்கினாலே போதும்.

2. தண்டுகளை விரித்துக் கண்ணாடியை மேசையில் வையுங்கள். ஒரு தண்டு மேசையில் படாமல் ஆடினால் வளைவு உண்டு. பின்னர் அணிந்துகொண்டு முகக்கண்ணாடியில் பாருங்கள். எல்லோருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஆகவே மேசையைவிட முகமே சரியான அளவுகோல்.

3. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத் தண்டைச் சற்றுக் கீழ்நோக்கி வளையுங்கள். முன்பக்கம் உயரும்.

4. பிளாஸ்ரிக் சட்டம் என்றால், தண்டை மட்டும் கை பொறுக்கும் சுடுநீரில் அரை நிமிடம் பிடித்து, துடைத்து, மெதுவாக வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். வில்லையில் சூடு படவிடாதீர்கள். அதன் மேற்பூச்சு வெடித்துவிடும்.

5. உலோகச் சட்டத்துக்குச் சூடு வேண்டாம். கீலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சிறிது சிறிதாக வளையுங்கள். குறடு பாவித்தால் துணி சுற்றுங்கள். முன்னும் பின்னும் பலதரம் வளைத்தால் உலோகம் முறிந்துவிடும்.

உடைந்த சட்டத்துக்குச் சுப்பர் குளூ பூசவேண்டாம். பசை வில்லையில் பட்டால் வில்லையும் பழுதாகும். சட்டம் வெடித்திருந்தாலோ, வளைத்தாலும் பழைய நிலைக்கே திரும்பும் ரைற்றேனிய வகை என்றாலோ கண்ணாடிக் கடைக்கே கொண்டுபோங்கள். பல கடைகளில் சிறு திருத்தங்களுக்குக் காசு வாங்குவதில்லை.

பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. கண்ணாடி மூக்கில் வழிந்தால் பிள்ளை அதற்கு மேலாகப் பார்த்துப் பழகிவிடும். ஒரு கண்ணின் பார்வைக் குறைவுக்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு இதனால் சிகிச்சையின் பலன் குறையும். பிரித்தானியாவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கண்ணாடியைத் திருத்தவோ மாற்றவோ என்.எச்.எஸ். உதவிச்சீட்டு உண்டு. கடையில் கேட்டுப் பெறுங்கள்.

சரிசெய்த பின்னும் பார்வை மங்கலாக இருந்தால் குறை சட்டத்தில் இல்லாமல் கண்ணிலும் இருக்கலாம். 60 வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இங்கே கண் பரிசோதனை இலவசம். ஊரிலிருந்து வந்து இங்கேயே குடியிருக்கும் பெற்றோரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்றி, கூட்டில் வைக்கப் பழகுங்கள். பாதி வளைவு அதிலேயே நின்றுவிடும்.