குரல்கள் அடங்கிய பிறகு

மாணவர்களே, கூட்ட நெரிசலான எம்ஆர்டி ரயிலில் நூறு பேருக்கு நடுவே நின்றபடி, ‘எனக்கென்று யாருமில்லை’ என நினைத்ததுண்டா? மழை நாளில் அறைக்குள் தனியாகக் கதைப்புத்தகம் படித்து மகிழ்ந்ததும் உண்டுதானே? தனியாக இருப்பது வேறு, தனிமையுணர்வு வேறு. நாம் விரும்பும் உறவுக்கும் நமக்குக் கிடைத்திருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளியையே உளவியலாளர்கள் தனிமையுணர்வு என்கிறார்கள்.

அந்த இடைவெளி பெரிதாகிவிடும் ஒரு பிரிவினர், ‘சைக்கோசிஸ்’ எனப்படும் மனப்பிறழ்வுக்கு ஆளானவர்கள். யாரும் பேசாதபோது அவர்களுக்குக் குரல் கேட்கும். யாரோ தங்களைப் பின்தொடர்வதாக உறுதியாக நம்புவார்கள். இவ்வகை நோய்களில் நாம் அதிகம் கேள்விப்படுவது மனச்சிதைவு. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ, அதாவது உங்கள் அண்ணன், அக்கா வயதில், தொடங்குகிறது.

1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சென்று சேரும் ஏற்பிகளை இவ்வகை மருந்துகள் அடைக்கின்றன. பலருக்குக் குரல்கள் அடங்குகின்றன. தொலைக்காட்சி நாடகமாக இருந்தால் கதை அங்கே சுபமாக முடிந்துவிடும்.

18 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சைக்குப்பின் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் படிப்பில் ஓராண்டு முன்னே போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரும் இவரைத் தேடவில்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், பேசுவதில்லை. “சோம்பல்” என்கிறார் அப்பா.

உண்மையில் இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நோயே ஆர்வத்தையும் முகபாவத்தையும் மங்கச் செய்யும். மருந்தின் பக்கவிளைவு உடலை மந்தமாக்கும். அல்லது மனச்சோர்வாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், சிகிச்சையோ வெவ்வேறு. மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பிரித்தறியவே 1990இல் கனடாவில் ‘கால்கரி’ அளவுகோல் உருவானது. அதில் 9 கூறுகள். நம்பிக்கை இழந்துவிட்டீர்களா, உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா, அதிகாலையிலேயே விழித்துவிடுகிறீர்களா என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். ஆர்வம் மங்கியவருக்கு உள்ளே வெறுமை இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவருக்கு உள்ளே வலி இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

தனிமையுணர்வையும் அளக்கலாம். துணை இல்லையென்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாகத் தோன்றுகிறதா என்று மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. ‘அரிதாக’ என்றால் 1, ‘சில வேளை’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும்.

வாழ்க்கைத்தரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் இருக்கின்றன. உடல், மனம், உறவு, சுற்றுப்புறம் என்ற நான்கையும் பற்றி அவை கேட்கும். பலர் எதிர்பார்க்காத முடிவு ஒன்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது: மனப்பிறழ்வு உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பெண், கேட்கும் குரல்களைவிட மனச்சோர்வோடுதான் நெருங்கிய தொடர்பு கொண்டிருக்கிறது. தனிமையுணர்வு கூடும்போதும் அந்த மதிப்பெண் குறைகிறது.

எது காரணம், எது விளைவு? இங்கே அவசரப்படக்கூடாது. தனிமை மனத்தைச் சோர்வாக்கும். சோர்ந்தவர் நண்பரின் அழைப்பை எடுக்கமாட்டார். தனிமை இன்னும் கூடும். தனிமையிலிருப்பவர் பிறர் முகத்தில் வெறுப்பைத் தேடத் தொடங்குவார். ஏற்கெனவே சந்தேகம் நோயாக வந்தவருக்கு அது எரியும் தீயில் எண்ணெய். நம்மில் சிலர் ‘பைத்தியம்’ என்று சொல்லிச் சிரிப்பதும் இந்தச் சுழலுக்குள்தான் போய் விழுகிறது.

இந்தச் சுழலை உடைக்க வழிகாட்டியவர்கள் நோயாளிகளே. 1940களில் நியூயார்க்கில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர் ஒன்றுகூடி, தங்கள் குழுவுக்கு ‘நாங்கள் தனியாக இல்லை’ என்று பெயர் வைத்தார்கள். 1948இல் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அங்கே நீரூற்று இருந்ததால் அது ‘ஃபவுண்டன் ஹவுஸ்’ ஆயிற்று. இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றும் இல்லங்கள் இருக்கின்றன. அங்கு வருபவர் நோயாளி அல்லர், உறுப்பினர். சமைப்பதும் கணக்கு எழுதுவதும் அவர்கள் வேலை. ஒருவர் சில நாள் வராவிட்டால் இன்னோர் உறுப்பினர் தொலைபேசியில் அழைத்து, “ஏன் வரவில்லை?” என்று விசாரிப்பார்.