சிறிய பெட்ரோல் காரின் எரிபொருள் சிக்கனம்: காலும் காற்றும் கருவியும்

பெட்ரோல் காரின் எரிபொருள் செலவைக் குறைக்க விரும்பும் உரிமையாளருக்கு மூன்று வகை வழிகள் உள்ளன: ஓட்டும் முறையை மாற்றிக்கொள்வது, வண்டியில் ஏற்கெனவே உள்ள உறுப்புகளைச் சரியான நிலையில் வைத்திருந்து உரிய காலத்தில் நல்லவற்றால் மாற்றுவது, புதிதாக ஒரு கருவியையோ வேறு எரிபொருள் அமைப்பையோ பொருத்துவது. முதல் வழிக்குப் பணமே தேவையில்லை. மூன்றாவதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் பலன் பெரும்பாலும் இந்தச் செலவு வரிசைக்கு நேர்மாறாகவே அமைகிறது. ஏன் அவ்வாறு அமைகிறது என்பது, பெட்ரோலின் ஆற்றல் எங்கே போகிறது என்று பார்த்தால் விளங்கும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, பெட்ரோலில் உள்ள ஆற்றலில் 12 முதல் 30 விழுக்காடு வரையே சக்கரத்தை அடைகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி இன்ஜினின் வெப்பமாக வெளியேறுகிறது. சக்கரத்தை அடையும் அந்தச் சிறு பங்கும் மூன்று இடங்களில் செலவாகிறது. வண்டியை வேகமெடுக்க வைக்கும்போது அதில் சேரும் இயக்க ஆற்றல், பிரேக்கை மிதித்ததும் வெறும் சூடாகி வீணாகிறது. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி விரிவதால் ஒரு பகுதி வீணாகிறது. இதற்கு உருளல் தடை என்று பெயர். மூன்றாவது, முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கான காற்றுத் தடை. நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு முதலாவதும், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாவதும் பெருஞ்செலவு என்பதால், எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கு, வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறது என்பதை அறியாமல் விடை கூற இயலாது.

நகர ஓட்டத்தை முதலில் கணக்கிடலாம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 62 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. அதில் கால் பங்கே பயன்படுகிறது எனக் கொண்டால், அந்த வேகத்திலிருந்து பிரேக்கால் முழுதாக நிறுத்தும் ஒவ்வொரு முறையும் 8 மில்லிலிட்டர் அளவுக்குப் பெட்ரோல் சூடாகிப் போகிறது. பத்து கிலோமீட்டர் அலுவலகப் பயணத்தில் இருபது முறை இவ்வாறு நின்றால் இழப்பு 160 மில்லிலிட்டர், லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடும் வண்டி அந்தத் தொலைவுக்குக் குடிக்கும் 800 மில்லிலிட்டரில் இது ஐந்தில் ஒரு பங்கு. சிக்னல் சிவப்பாக இருப்பதை 150 மீட்டருக்கு முன்பே கவனித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சேர்ந்திருக்கும் வேகத்திலேயே வண்டியை உருளவிடும் ஓட்டுநர் இந்த இழப்பில் பாதியையேனும் தவிர்க்க முடியும். வெறித்தனமாக வேகமெடுத்துப் பிரேக் மிதிக்கும் ஓட்டுமுறை, நின்று நின்று செல்லும் நெரிசலில் மைலேஜை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று மேற்சொன்ன துறை கூறுவது இதனுடன் ஒத்துப்போகிறது. கடையில் விலைக்குக் கிடைக்கும் எந்த உதிரிபாகமும் இவ்வளவு பலன் தருவதில்லை.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான பழக்கத்தைச் சுட்டியாக வேண்டும். வண்டியை நியூட்ரலில் உருளவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் நம்புகின்றனர். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு இது ஓரளவு பொருந்தியிருக்கலாம். ஆனால் இன்றைய வண்டிகளில் கியர் பொருந்திய நிலையில் ஆக்ஸிலேட்டரை விட்டால், இன்ஜினைச் சக்கரங்களே சுழற்றுவதை உணரும் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை அறவே மூடிவிடுகிறது. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவைப்படுகிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை போன்ற செங்குத்தான இறக்கங்களில் நியூட்ரலில் இறங்குவது, இன்ஜினின் பிடிமானத்தை இழந்து பிரேக்கை மட்டுமே நம்பச் செய்து, அது சூடேறிச் செயலிழக்க வழிவகுக்கும். தாழ்ந்த கியரில் இறங்குவதே உயிருக்கும் பெட்ரோலுக்கும் பாதுகாப்பு.

நெடுஞ்சாலையில் கணக்கு வேறு. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் உள்ள தடை 100 கிலோமீட்டரில் 56 விழுக்காடு அதிகமாகிறது. உருளல் தடை அவ்வளவு மாறாததாலும், சுமை கூடும்போது இன்ஜினின் செயல்திறன் சற்று உயர்வதாலும் மொத்தச் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. எனினும் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறக்கூடும். சென்னையிலிருந்து திருச்சி வரையிலான சுமார் 330 கிலோமீட்டரில் இந்த வேக உயர்வால் மிச்சமாகும் நேரம் அதிகபட்சம் 50 நிமிடம்; கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ மூன்று லிட்டர். அந்த நேரம் அந்த விலைக்குத் தகுமா என்பதைப் பயணி தீர்மானிக்கலாம். கூரையில் நிரந்தரமாகப் பொருத்தி வைத்திருக்கும் கேரியரைப் பொறுத்தவரை அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. சுமை ஏற்றாத நாளில் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏசியை விட்டுக் கண்ணாடியை இறக்கும் உத்தி நகரத்தின் மெதுவான ஓட்டத்தில் பயன் தரும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த சன்னல் காற்றுத் தடையைக் கூட்டிவிடுவதால் அங்கே ஏசியே மேல். ரயில்வே கேட்டில் காத்திருக்கையில் இன்ஜினை அணைப்பதற்குத் தயங்கத் தேவையில்லை. மீண்டும் இயக்க ஆகும் பெட்ரோல், சுமார் பத்து விநாடி சும்மா ஓடுவதற்கு ஆகும் அளவே.

இரண்டாம் வகை வழிகளில் டயர்தான் முதன்மையானது. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 விழுக்காடு குறைகிறது. எட்டு பிஎஸ்ஐ குறைந்த வண்டியில் இழப்பு ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டும். சிறிய எண்தான், ஆனால் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுவதோடு டயரின் ஆயுளையும் காக்கிறது. ஓட்டுநர் கதவின் ஓரத்தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு, டயர் சூடேறும் முன் காற்றடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் மைலேஜ் சற்றுக் கூடினாலும் ஈரச் சாலையில் பிடிப்பும் பிரேக்கின் திறனும் குறையும் என்பதால் அந்தச் சிக்கனம் வேண்டாம். காசு கொடுத்து நைட்ரஜன் நிரப்புவதால் மைலேஜ் உயரும் என்பதும் பொருந்தாது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தேய்ந்த டயரை மாற்றும் வேளையில் உருளல் தடை குறைந்ததைத் தேர்வது நல்ல முடிவு. அந்தத் தடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 விழுக்காடு மிச்சமாகும். நல்ல நிலையில் உள்ள டயரை இதற்காகவே கழற்றி எறிவது வீண். அழகுக்காக அகன்ற டயரும் பெரிய அலாய் வீலும் போடுபவர்கள் மைலேஜை விலை கொடுத்து இழக்கின்றனர். விட்டம் கூடிய சக்கரம் ஓடோமீட்டரில் தொலைவைக் குறைத்துக் காட்டுவதால் அந்த இழப்பின் உண்மை அளவும் தெரியாமல் போகிறது.

இன்ஜின் ஆயிலைக் கையேட்டில் குறித்துள்ள தரத்திலேயே வாங்கினால் 1 முதல் 2 விழுக்காடு வரை மிச்சம் கிடைக்கும். ஏர் ஃபில்டரைப் பற்றிய நம்பிக்கையோ பழைய காலத்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் செய்த சோதனையில், கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருள் தெளிக்கும் வண்டிகளில் அடைபட்ட ஃபில்டர் வேகமெடுக்கும் திறனைக் குறைத்ததே தவிர மைலேஜைக் குறைக்கவில்லை. உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்பக் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுவதே காரணம். ஃபில்டரை இன்ஜினின் நலனுக்காக மாற்ற வேண்டும். விலையுயர்ந்த ஃபில்டரை மைலேஜுக்காக வாங்க வேண்டாம்.

மூன்றாம் வகையில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் விலக்கலாம். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தருவதாகச் சொல்லும் பெட்டி, டேங்கில் போடும் மாத்திரை ஆகியவை ஆற்றல் அழியாமை விதியையோ வேதியியலையோ மீறாமல் தாம் சொல்லும் பலனைத் தர இயலாதவை. தண்ணீரைப் பிரிக்கத் தேவைப்படும் மின்சாரமும் அதே பெட்ரோலிலிருந்துதானே வர வேண்டும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை மதிப்பிட்டும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. குடும்பச் செலவைக் குறைக்க நினைப்பவரின் பணத்தையே பறிக்கும் விற்பனை இது.

மாறாக, சிஎன்ஜி எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு உண்மையான ஒரு மாற்று. இது இன்ஜினின் செயல்திறனை உயர்த்துவதில்லை. மலிவான எரிபொருளால் செலவைக் குறைக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15; சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 20; கிட் பொருத்த 60,000 ரூபாய் எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு 2.17 ரூபாய் மிச்சமாகி, போட்ட பணம் சுமார் 27,700 கிலோமீட்டரில் மீளும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் கார் உரிமையாளருக்கு அது ஓராண்டுக்குள் கைகூடும். 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு நான்கரை ஆண்டுக்கு மேலாகும், சிலிண்டர் அமர்வதால் டிக்கியில் பெட்டி வைக்க இடமும் இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட கிட்டை உரிய நிலையத்தில் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இவற்றைத் தவிர்த்து மலிவாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைக்கு வண்டியை ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. வாயு கசிந்தால் ஆபத்துக்கு உள்ளாவது அதே வண்டியில் அமர்ந்திருக்கும் குடும்பம்.