மர அகப்பைக்கு ஏற்ற எண்ணெய்

பால் வற்றிய ரப்பர் மரம் முன்னாளில் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. அதனைப் பலகையாக்கும் ஆய்வில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் பெரும்பங்கு ஆற்றியது. இன்று நாமே அம்மரத்தில் அகப்பை செதுக்கிக் கொள்ளலாம். ஆயினும் பூஞ்சையும் வண்டும் அதனை எளிதில் தாக்குமாதலால் பலகைக்கு மருந்தேற்றுவர். எம்மருந்து என்றறியாத தளவாடத் துண்டுகளை அகப்பைக்குக் கொள்ளலாகாது. மருந்தேற்றாது உலர்த்திய மரமே வேண்டும்.

அடுத்து, எதைப் பூசுவது? வார்னிஷ் சூட்டிலும் உராய்விலும் உரிந்து உணவில் கலக்கும். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மரத்துள் தங்கி நாளடைவில் சிக்கடிக்கும். ‘காய்ச்சியது’ என விற்கப்படும் ஆளிவிதை எண்ணெயில், விரைந்து உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. அது நாற்காலிக்கு ஆகும், அகப்பைக்கு ஆகாது.

பிரிக்பீல்ட்சானாலும் கிள்ளானானாலும் மருந்துக்கடையில் உட்கொள்ளும் தரத்துத் திரவ பாரஃபினைக் கேட்டு வாங்கலாம். அது கெடுவதில்லை. அகப்பையை நனைத்து உலர்த்தி, எழும் நாரை உப்புத்தாளால் தேய்த்தபின் எண்ணெயைத் தடவி, ஓரிரவு ஊறவிட்டுத் துடைத்திடுக. மும்முறை செய்தல் நலம். மரம் வெளிறும்போது மீண்டும் பூசுக.

கலப்பற்ற ஆளிவிதை எண்ணெயை விரும்புவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை விரித்து வெளியில் உலர்த்துக. அன்றேல் நீரில் அமிழ்த்துக. அகப்பையைக் காப்பதற்காக வீட்டை இழக்கலாமா?