வெளியேற்றப் பட்டியலில் எவர் பெயர்?

அன்புள்ள தம்பிக்கு,

அயல்நாட்டு நிவாரணப் பணிக்குத் தொண்டராகச் செல்ல விரும்பும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இளைஞர் கடவுச்சீட்டு, விசா, தடுப்பூசி, மாதாந்தக் கொடுப்பனவு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரித்துக்கொண்டாலும், ஆபத்து நேரும் நாளில் தம்மை அனுப்பிய நிறுவனம் என்ன செய்யும், யாரைக் கொண்டு செய்யும் என்று கேட்கத் தயங்குவதுண்டு. கேட்டால் பயந்தவர் என்று எண்ணிவிடுவார்களோ என்பதே அத்தயக்கத்தின் காரணம். அது வேண்டாத தயக்கம். நிவாரணப் பணியாளரின் உயிர் அவருடைய நெஞ்சுரத்தை விட நிறுவனத்தின் முன்னேற்பாட்டிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் மறுக்க முடியாத சான்றுகள் உள்ளன.

பணிக்கு அனுப்புபவர், அனுப்பப்படுபவருக்கு நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே கணித்து, அதைக் குறைப்பதற்கு நியாயமான அனைத்தையும் செய்ய வேண்டிய கடப்பாட்டைச் சட்டத்துறையினர் பராமரிப்புக் கடமை என்பர். நெடுங்காலம் நல்லெண்ணத்தின்பாற்பட்டதாக மட்டுமே கருதப்பட்டுவந்த இக்கடமை, நிவாரணத் துறையிலும் நீதிமன்றத்தால் வலியுறுத்தப்படக் கூடியதே என்பதை 2015 நவம்பரில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நிலைநாட்டியது. 2012 ஜூன் 29ஆம் திகதி கென்யாவின் டடாப் அகதி முகாமில் நோர்வே அகதிகள் பேரவையின் வாகனங்கள் தாக்கப்பட்டு, கென்யச் சாரதி ஒருவர் கொல்லப்பட்டு, வெளிநாட்டுப் பணியாளர் நால்வர் கடத்தப்பட்டு, நான்கு நாட்களின் பின் சோமாலியாவில் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் டெனிஸ் தொடுத்த வழக்கில், கடத்தல் அபாயம் முன்னறியத்தக்கதாக இருந்தும் உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்படாமை கடும் கவனயீனம் என்று நீதிமன்றம் தீர்மானித்து நட்டஈடு வழங்கப் பணித்தது. அதன் பின்னர் தொண்டு நிறுவனங்கள் தமது பாதுகாப்புக் கோவைகளை எடுத்துத் தூசி தட்டின. ஆயினும் மீட்கப்பட்டவரின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கைப் பேசும் இடங்களில் உயிரிழந்த சாரதியைப் பற்றிய பேச்சு குறைவாகவே எழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிவாரண நிறுவனங்கள் தம் பணியாளரைக் காக்கும் வழிகளை மூன்றாகப் பகுப்பது வழக்கம். மக்களும் ஆயுதம் தரித்த தரப்புகளும் தம்மை நடுநிலையாளர் என்று நம்பி இடந்தருமாறு நடந்துகொள்வது ஏற்பு. மதில், மணல்மூடை, வானொலித் தொடர்பு, பயண ஒழுங்குகள் முதலியவற்றால் தற்காத்துக்கொள்வது காப்பு. காவலரை உடன்கொண்டு செல்வது அல்லது பணியை நிறுத்திவிடுவதாக எச்சரிப்பது தடுப்பு. இவற்றுள் ஏற்பே மிகச் சிறந்தது என்று தொண்டு நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கருதிவருகின்றன. அது பெருமளவு உண்மையே. ஆனால் ஏற்பு என்பது நேற்றுவரை அறிமுகமான தரப்புகளிடம் பெற்ற நன்மதிப்பாகையால், ஊரின் கட்டுப்பாடு ஓரிரு நாட்களில் கைமாறும்போது, புதிதாக வந்து நிற்பவருக்குச் சட்டையில் பொறித்த நிறுவனச் சின்னம் எதையும் உணர்த்தாமற் போகலாம். மூதூரில் அதுவே நிகழ்ந்தது.

அக்சன் பாம் என்று மக்களால் அழைக்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் ஆழிப்பேரலைக்குப் பின் திருகோணமலை மாவட்டத்தில் நீர் வழங்கல், சுகாதாரப் பணிகளை மேற்கொண்டுவந்தது. 2006 ஓகஸ்ட் 1ஆம் திகதி திருகோணமலைக் கடற்பரப்பில் மோதல் வெடித்துப் படகுச் சேவை தடைப்பட்டமையால், மூதூருக்குச் சென்றிருந்த அதன் பணியாளர்கள் திரும்ப வழியின்றி அங்குள்ள அலுவலகத்திலேயே தங்க நேர்ந்தது. மறுநாள் விடுதலைப் புலிகள் நகருக்குள் புகுந்தனர். எறிகணை வீச்சுக்கிடையே மக்கள் பள்ளிவாசல்களிலும் தேவாலயத்திலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்து, பின்னர் நகரை விட்டே வெளியேறினர். பணியாளரோ நிறுவனக் கொடியும் சின்னமும் தமக்குக் காப்பாகும் என்ற நம்பிக்கையோடு, அலுவலகத்தை விட்டு நீங்க வேண்டாம் என்ற அறிவுறுத்தலை ஏற்றுக் காத்திருந்தனர். நகரை இராணுவம் மீண்டும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த ஓகஸ்ட் 4ஆம் திகதி, நான்கு பெண்கள் உட்படப் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெரும்பாலானவர்கள் நிறுவனச் சட்டை அணிந்தவாறே அலுவலக முன்றலில் குப்புறக் கிடத்தப்பட்டு மிக அண்மையிலிருந்து சுடப்பட்டிருந்தனர்.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அதே மாத இறுதியில் அரச படையினரே பொறுப்பாளிகள் என்று தீர்மானித்தது. அரசு அதை மறுத்தது. பின்னர் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை இராணுவத்தை விடுவித்து, நிறுவனத்தின் கவனயீனத்தைச் சுட்டிக்காட்டியது. நிறுவனம் 2013 டிசெம்பரில் வெளியிட்ட தனது அறிக்கையில் அரச படையினரைக் குற்றஞ்சாட்டியது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. இங்கே இரு பொறுப்புகள் ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. கொன்றவரின் குற்றம் கொன்றவரையே சாரும். நிறுவனம் எத்தனை தவறு இழைத்திருந்தாலும் அதைக் காட்டி அக்குற்றத்தை ஓர் இம்மியும் குறைக்க இயலாது. அதே வேளையில், நிறுவனம் தன் பணியாளருக்குக் கடமைப்பட்டதைச் செய்ததா என்ற கேள்வி தனியாக நின்று விடை கேட்கிறது. குற்றவாளி வேறொருவர் என்பதனால் அக்கேள்வி கரைந்துபோவதில்லை.

அதற்கு விடை காண மூன்று சொற்களின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஆபத்து ஓயும்வரை இருக்குமிடத்திலேயே பதுங்கியிருப்பது தங்கியிருத்தல். நாட்டுக்குள்ளேயே பாதுகாப்பான வேறிடத்துக்குச் செல்வது இடமாற்றம். நாட்டை விட்டே அகற்றுவது வெளியேற்றம். இம்மூன்றில் எதை எப்போது மேற்கொள்வது என்பதை நெருக்கடி நாளன்று யோசித்தால் காலம் கடந்துவிடும். படகுச் சேவை நின்றால் என்ன, எறிகணை வீழ்ந்தால் என்ன, அயலவர்கள் மூட்டை கட்டிப் புறப்பட்டால் என்ன என்று ஒவ்வொரு அறிகுறிக்கும் உரிய நடவடிக்கை அமைதியான நாளிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். தொலைவிலுள்ள மேலதிகாரியின் அனுமதி கிடைக்காவிட்டாலும் களத்திலிருப்பவரே புறப்படலாம் என்ற அதிகாரமும் அதில் இடம்பெற வேண்டும். ஊர்மக்கள் எல்லோரும் வெளியேறிய பின் அலுவலகத்தில் தனித்திருத்தல் எந்நிலையிலும் தங்கியிருத்தல் என்னும் முறைக்குள் அடங்காது.

தலைநகர் பாதுகாப்பானது, களமே ஆபத்தானது என்ற எண்ணமும் எல்லோருக்கும் பொருந்துவதன்று. 2007 ஜூன் 1ஆம் திகதி, கொழும்பில் பயிற்சி முடித்து மட்டக்களப்புக்குத் திரும்புவதற்காகக் கோட்டை புகையிரத நிலையத்தில் காத்திருந்த இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்ப் பணியாளர் இருவரைப் பொலிஸார் என்று கூறிக்கொண்டவர்கள் அழைத்துச் சென்றனர். பின்னர் இருவரது உடல்களும் இரத்தினபுரி மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த சில நாட்களிலேயே, ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரே பயிற்சிக்கு, ஒரே மண்டபத்துக்கு வந்த வெளிநாட்டவருக்கும் மட்டக்களப்புத் தமிழருக்கும் திரும்பும் வழியில் காத்திருந்த ஆபத்து ஒன்றன்று. ஆகவே இடர் மதிப்பீட்டை ஊருக்கு ஒன்றாக எழுதாமல், பணியாளரின் இனம், மொழி, பால், அடையாள அட்டையிலுள்ள பிறந்த இடம் என்பவற்றைக் கருதி ஆளுக்கு ஆள் எழுத வேண்டும்.

இந்த வேறுபாடு மிகக் கொடிய வடிவில் வெளிப்பட்டது வன்னியில்தான். 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் அளிக்க முடியாது என்று அரசு அறிவித்ததை அடுத்து, ஐக்கிய நாடுகள் சபையினதும் பிற அமைப்புகளினதும் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகவேண்டாம் என்று மக்கள் அலுவலக வாயிலில் கூடி மன்றாடினர். உள்ளூர்ப் பணியாளர் பலரையும் அவர்களுடைய குடும்பங்களையும் புலிகளின் பயண அனுமதிக் கட்டுப்பாடு வெளியேற விடவில்லை. அவர்கள் இறுதிப் போருக்குள் சிக்கினர். சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா. உள்ளக ஆய்வு 2012 நவம்பரில் அக்காலத்துச் செயற்பாட்டைக் கட்டமைப்பு சார்ந்த தோல்வி என்று ஏற்றுக்கொண்டது. வெளியேற்றத் திட்டமொன்று ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதே முதன்மையான வினா.

உலகளவிலும் நிலைமை இதுவே. 2003 ஓகஸ்ட் 19ஆம் திகதி பக்தாதில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்டு 22 பேர் உயிரிழந்த நாளே உலக மனிதநேய தினமாக அனுசரிக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர் என்று ஐ.நா. அறிவித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தத்தம் நாட்டில், தத்தம் மக்களுக்குப் பணிசெய்த உள்ளூரவர்.

நல்ல நிறுவனத்தைச் சிறு விடயங்களிலேயே இனங்காணலாம். பணியில் சேரும் நாளில் நிரப்பத் தரப்படும் அவசரப் படிவத்தில் குருதி வகை, ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, கடத்தப்பட்டால் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய உரியவர் மாத்திரமே விடையறிந்த ஒரு கேள்வியும் கேட்கப்பட்டிருக்கும். களத்திற்குச் சென்றவர் குறித்த நேரத்தில் தொடர்புகொள்ளாவிட்டால் எவ்வளவு நேரத்தின் பின் யார் யாருக்கு அறிவிப்பது என்பது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். நெருக்கடி நேர்ந்தால் முடிவெடுக்கும் குழு ஒன்றும், குடும்பத்தோடு மட்டுமே பேசுவதற்கு ஒருவரும் முன்னரே நியமிக்கப்பட்டிருப்பர். அவர் குடும்பத்தின் மொழியிலேயே பேசக்கூடியவராக இருப்பார். மூதூரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் தேவைப்பட்டது பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதிய அறிக்கையன்று, தமிழில் உண்மை சொல்லும் ஒரு மனிதர்.

தம்பி, வெளிநாட்டில் கால்வைத்த கணமே கொழும்புத் தமிழ் இளைஞரும் அந்நாட்டுக்கு வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார். விமானத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்படும், அவரை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் சாரதிக்கு ஒதுக்கப்படாமலும் போகலாம். ஆகையால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வெளியேற்றத் திட்டத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் வாசிக்க வேண்டும். அதில் சாரதிக்கும் காவலாளிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் என்ன ஏற்பாடு என்று பார்க்க வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லையெனில், அந்நிறுவனத்தில் சேராதிருப்பதே சரி.

அன்புடன்.